தங்கள் உடைமைகளுக்குத் தாங்களே பொறுப்பு

கல்யாண மண்டபச் சுவரில் அந்தப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மணமகள் அறைக் கதவுக்கு மேலேயோ, பந்திக்குப் போகிற வழியிலோ ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். ‘தங்கள் உடைமைகளுக்குத் தாங்களே பொறுப்பு.’ நானும் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை ஒருமுறைகூட வாசித்ததில்லை. வாசிக்க வைத்தது ஓர் ஆவணி முகூர்த்தம்.

என் பெரியப்பா மகன் வடகரையில் கல்யாணப் படம் எடுக்கிறவர். தென்காசிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் தாலி கட்டி முடிந்து, மாலை மாற்றி, குடும்பப் படங்களெல்லாம் எடுத்துவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் ஒரு கேமரா. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலிக்கு அடியில் பை. பதினைந்து நிமிஷம். “ரசம் ஊத்திச் சாப்ட்டுட்டு வந்து பாக்கேன், பையக் காணல” என்று அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னார். பையில் இருந்தவை இரண்டாவது கேமரா, ஒரு நீள லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், முந்தைய நாள் ராத்திரி வரவேற்பில் எடுத்த படங்கள் இருந்த மெமரி கார்டுகள்.

மண்டபத்து மேலாளர் பலகையைக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்த்தார்கள், பெண் வீட்டார் சமையல்காரர்களைப் பார்த்தார்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைத்தது. கேமரா செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பில் கிடையாது, சீரியல் நம்பரை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

கேமராவுக்கு வாங்கின கடனை அண்ணன் இரண்டு வருஷத்தில் அடைத்துவிட்டார். அடைக்க முடியாதது வேறொன்று. முந்தைய நாள் வரவேற்பில் பெண்ணின் தாத்தா, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மேடையேறி நின்றிருந்தார். அடுத்த மாதம் அவர் தவறிவிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நல்ல படமாக ஒன்று வேண்டும் என்று அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. “இல்லைன்னு சொல்லி அனுப்புனேன்ல, அதுதான்” என்று அண்ணன் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்தப் பலகையை யோசிக்க ஆரம்பித்தேன். ஒருவன் பொருள் திருட்டுப் போனால் அவனே பொறுப்பு என்பது எப்போதிலிருந்து நம்மூர் நியாயம் ஆனது?

*

ஏனென்றால், இதே மண்ணில் அந்தப் பலகைக்கு நேர் எதிரான ஏற்பாடு ஒன்று இருந்தது.

வடகரை இன்றைக்குத் தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்துப் பேரூராட்சி. ஒரு பக்கம் பண்பொழித் திருமலைக் கோயில், மறுபக்கம் அடவிநயினார் அணை. 18ஆம் நூற்றாண்டில் இது ஒரு பாளையத்தின் பெயர். சொக்கம்பட்டிப் பாளையம் என்றும் அதையே சொல்வார்கள். புலித்தேவர் காலத்துச் சண்டைகளைப் படித்தால் நெற்கட்டும்செவல், சிவகிரி, ஊத்துமலை, தலைவன்கோட்டை என்ற வரிசையில் வடகரையும் வரும். சில நேரம் கூட்டாளியாக, சில நேரம் எதிரியாக.

சண்டைக் கதைகளில் நாம் கவனிக்காமல் விடுவது, பாளையக்காரர்கள் அன்றாடம் என்ன வேலை பார்த்தார்கள் என்பதை. அதில் முக்கியமானது காவல். இரண்டு வகை. ஓர் ஊருக்குள் நடப்பது ஸ்தலக்காவல், ஊர்க் காவல்காரர்கள் பார்த்துக்கொள்வது. பல ஊர்களையும் நடுவில் கிடக்கும் வழிகளையும் சேர்த்துப் பார்ப்பது திசைக்காவல், பாளையக்காரரின் உரிமை. இதற்கு விளைச்சலில் பங்கு, ஏருக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று ஊர்கள் கொடுத்தன.

கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாடு களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியவில்லை என்றால் மாட்டின் விலையைத் தரவேண்டும். தடம் பார்த்துக்கொண்டே போவார்கள். தடம் அடுத்த ஊர் எல்லைக்குள் நுழைந்தால் பொறுப்பும் எல்லை தாண்டும், அந்த ஊர்க் காவல்காரன் தலையில் விழும். மென்பொருள் கம்பெனிகளில் நாங்கள் எஸ்எல்ஏ என்று ஒன்றில் கையெழுத்துப் போடுவோம். சொன்ன சேவை நின்றால் இவ்வளவு நஷ்டஈடு என்று அதில் எழுதியிருக்கும். திசைக்காவல் அதுதான். ஆண்டுச் சந்தா கட்டு, போனால் நான் தருகிறேன்.

இதைப் படித்த ராத்திரி அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “அந்தக் காலத்துலயே பொறந்திருக்கலாம்ல” என்றார்.

பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். சந்தா கட்ட மறுத்த ஊர்களில் மாடுகள் காணாமல் போயின. துப்புக்கூலி என்று ஒரு வழக்கம் உண்டு. பறிகொடுத்தவன் இடையாள் ஒருவனிடம் மாட்டின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தால், மறுநாள் காலையில் மாடு எங்கோ ஒரு மரத்தடியில் கட்டிக்கிடக்கும். களவுக்கும் காவலுக்கும் நடுவில் இருந்த கோடு பல இடங்களில் அழிந்தே இருந்தது. 1799ஐ ஒட்டித் திருநெல்வேலியில் கலெக்டராக இருந்த லஷிங்டன், காவலின் பெயரால் பாளையக்காரர்கள் வசூலித்ததைக் கொள்ளை என்றே பார்த்தார். அவர் சொல்வதையும் அப்படியே விழுங்கவேண்டியதில்லை. அந்த வசூல் கும்பெனிக்கு வரவேண்டும் என்பது அவருடைய வேலை. ஆனால் குடியானவன் தரப்பிலும் காவல் சுமையாக இருந்தது என்பது உண்மை. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்கூடத் தென் மாவட்டங்களில் காவல்கூலிக்கு எதிராக ஊர்கள் ஒன்றுகூடியிருக்கின்றன.

ஆக, அது பொற்காலம் இல்லை. ஆனாலும் அதில் ஒரு கேள்விக்கு விடை இருந்தது. போனால் யார் தருவது?

*

கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. ஊமைத்துரையின் போர் 1801இல் முடிந்தது. அதோடு பாளையக்காரர்களின் ஆயுதங்கள் பறிபோயின, திசைக்காவல் உரிமையும் போனது. 1816இல் சென்னை மாகாணத்தின் ஒழுங்குவிதி ஒன்று ஊர்த் தலைவர்களைப் போலீஸ் வேலைக்குள் இழுத்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரியான சம்பளப் போலீஸை உண்டாக்கியது.

புதிய ஏற்பாட்டில் திருட்டு என்பது அரசுக்கு எதிரான குற்றம். போலீஸ் திருடனைப் பிடிக்கும், கோர்ட் தண்டிக்கும். பொருள் அகப்பட்டால் திரும்ப வரும். அகப்படாவிட்டால்? அந்த இடத்தில் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. கான்ஸ்டபிள் தன் சம்பளத்திலிருந்து மாட்டுக்கு விலை கொடுக்கமாட்டார். காவல் என்ற சொல் மட்டும் தங்கி, பிறகு காவல்துறை ஆனது. ஈடு என்ற பாதி கழன்று விழுந்தது.

வேலை இழந்த காவல்காரர்கள் என்ன ஆனார்கள் என்பது இதைவிடக் கசப்பானது. 1871இல் வட இந்தியாவுக்காக எழுதப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தலைமுறை தலைமுறையாக ஊர் காத்தவர்களின் வாரிசுகள் பல இடங்களில் பிறவித் திருடர்கள் என்று பதிவேட்டில் ஏறினார்கள், ராத்திரியில் ஸ்டேஷனில் ஆஜராகிக் கைரேகை வைத்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்றவர்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது, நாடு முழுக்க 1952இல்.

*

கேமரா நம் பக்கம் வந்த காலத்தில் அதற்குக் காவல் தேவைப்படவில்லை. அதன் எடையே காவல்.

மதராஸ் ராணுவத்துக் கேப்டன் லினேயஸ் டிரைப், மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் சுற்றி எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவருடைய கருவிகளும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களும் மாட்டுவண்டியில் போயின. அதைத் திருடுகிறவன் வண்டியோடு திருடவேண்டும். திருடினாலும் யாரிடம் விற்பான்? பிறகு வந்த ஸ்டூடியோக்களில் மரக்கேமரா மேசை மாதிரி ஓரிடத்தில் நின்றது. கல்யாணம் ஆனவர்கள்தான் அதைத் தேடிப் போனார்கள்.

வளைகுடாவுக்குப் போனவர்கள் லீவில் வரும்போது வீடியோ கேமரா கொண்டுவந்த காலம் எனக்கே நினைவிருக்கிறது. வடகரை மாதிரி வெளிநாட்டுப் பணம் வரும் ஊர்களில் நிக்காஹ் என்றாலும் கல்யாணம் என்றாலும் வீடியோ உண்டு. எடுக்கிறவர் தோளில் அந்தப் பெட்டி. பின்னால் லைட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன், அவனுக்குப் பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டு இன்னொருவன். கரண்ட்டோடு கட்டிப்போட்ட கேமரா. அதற்கு எப்போதும் மூன்று பேர் காவல்.

இன்றைக்கு ஒரு லென்ஸ் டிபன் பாக்ஸ் அளவு. விலை ஒரு மோட்டார் சைக்கிள் அளவு. வயர் கிடையாது, பையன் கிடையாது. எடை குறைந்தபோதெல்லாம் காவலும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

*

பொறியியல் படித்தவன் என்ற முறையில் முதலில் நான் தேடியது தொழில்நுட்பத்தில். நல்ல கேமராக்கள் பெரும்பாலும் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் தங்கள் சீரியல் நம்பரை எழுதி வைக்கின்றன. ஒரு வகையில் இதுவும் தடம்தான். திருடியவன் எடுத்த படத்தை இணையத்தில் ஏற்றினால் தேடிப் பிடிக்கலாம். ஆனால் வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். நம்மூர்ப் படங்கள் பாதிக்குமேல் வாட்ஸப்பில்தான் வாழ்கின்றன. செல்போனுக்கு ஐஎம்இஐ எண் இருப்பதால், 2023இலிருந்து நாடு முழுக்கத் திருட்டுப் போனை அரசின் தளத்திலேயே முடக்கிவிடலாம். கேமராவுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை.

அடுத்தது இன்சூரன்ஸ். சந்தா கட்டினால் ஈடு தருகிறவன் இன்றைக்கு அவன்தானே. இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கன்னக்களவு பாலிசியில் ‘பலவந்தம்’ என்று எழுதியிருந்தால், பூட்டை உடைக்காமல் நடந்த திருட்டுக்கு ஈடு கிடையாது. நாற்காலிக்கு அடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு போக என்ன பலவந்தம் வேண்டும்? பாலிசி எடுக்கிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த வரியைத்தான் தேடவேண்டும்.

கடைசியாக அந்தப் பலகை. 1998இல் டெல்லி ஓட்டல் ஒன்றில் ஒருவர் காரை நிறுத்தச் சொல்லிப் பணியாளரிடம் சாவியைக் கொடுத்தார். கார் திருட்டுப் போனது. டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருந்ததை ஓட்டல் காட்டியது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவர் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டபின், அஜாக்கிரதையாக இருந்துவிட்டு, அச்சடித்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவர் தன் பொருளைப் பார்ப்பது போல அதைப் பார்க்கவேண்டும்.

இதில் முக்கியமான சொல் ‘வாங்கிக்கொண்டபின்’. அண்ணன் தன் பையை யாரிடமும் கொடுக்கவில்லை. நாற்காலியிடம் கொடுத்திருந்தார்.

நம்மிடம் இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது, அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரியிடம் ஒப்படைக்கிறார். சிலம்புத் திருட்டுப் பழியில் கோவலன் கொல்லப்பட்டபின், மாதரி தீயில் விழுந்து உயிர்விடுகிறாள். அரண்மனையில் நடந்ததற்கு அவள் என்ன செய்வாள்? ஆனால் கையில் வாங்கியவள் அவள்தான்.

*

போன தை மாதம் அண்ணனோடு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கேமராவில் இரண்டு கார்டு. எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிகிறது. நிறைந்த கார்டு பைக்குப் போவதில்லை, ஜிப் வைத்த உள்பாக்கெட்டுக்குப் போகிறது. வரவேற்புப் படங்கள் ராத்திரியே லேப்டாப்புக்கும், அங்கிருந்து வீட்டில் இருக்கும் டிஸ்க்குக்கும் போய்விட்டன. சீரியல் நம்பர்களையெல்லாம் போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பியிருக்கிறார். உதவிக்கு வந்த தம்பி முதல் பந்தியில் சாப்பிட்டால் அண்ணன் கடைசிப் பந்தி. கம்பெனிப் பெயர் போட்ட கேமராப் பை இல்லை, துணிக்கடைக் கட்டப்பை.

அந்தக் கட்டப்பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் நேராக உக்கிராணத்துக்குப் போனார். அரிசி, பருப்பு, தேங்காய், வெற்றிலையெல்லாம் கிடக்கும் அறை. எல்லாக் கல்யாணத்திலும் அந்த அறைச் சாவி அந்த வீட்டிலேயே கறாரான ஒருவரிடம் இருக்கும். இங்கே ஓர் ஆச்சி. நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அண்ணன் சொன்னார்: “ஆச்சி, இதுல மூணு லட்ச ரூவா சாமான் இருக்கு. இனிமே இது ஒங்க பொறுப்பு.”

ஆச்சி பையை வாங்கிப் பருப்பு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தார். “நீ வந்து கேட்டாத்தான் குடுப்பேன். மாப்பிள்ளையே வந்து கேட்டாலும் கெடையாது.”

சாயங்காலம் பை வந்தது. அண்ணன் ஆச்சியை வாசலுக்குக் கூட்டிவந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக நிற்கவைத்து, தனியாக ஒரு படம் எடுத்தார். பிரேம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். இப்போதெல்லாம் எல்லாக் கல்யாணத்திலும் இப்படித்தானாம். அவர் கணக்கில் அது காவல்கூலி.

“நல்லா எடுல” என்றார் ஆச்சி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு. “போஸ்டருக்கு ஒதவும்.”