சினைக்குதிரையின் வயிற்று அறுவைப் புண்

குதிரைக்கு வரும் கடும் வயிற்றுவலியைச் சூலை என்பது பழைய வழக்கு. கால்நடை மருத்துவர்கள் கோலிக் என்பர். குடல் முறுக்கிக்கொண்டால் மருந்து பலிக்காது, வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும். சினையாயிருக்கும் குதிரையில் அப்படித் திறந்து தைத்த இடத்துக்கு நேரும் கேடுகள் தனிக் கவனம் வேண்டுபவை.

இந்தியக் குதிரை மருத்துவத்தின் முதல்வராகச் சாலிஹோத்திரர் போற்றப்படுகிறார். பாண்டவருள் ஒருவனான நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் படங்களுடன் பதிப்பித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்க்க 1824இல் ஓசூரில் பண்ணை வைத்தது. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கிற்று. கொங்கு நாட்டில், சென்னிமலைக்கு வடக்கே, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் சந்தை குதிரைக்குப் பேர்போனது. திப்பு சுல்தான் படைக்கும் இங்கிருந்து குதிரை போனதாக ஊரார் சொல்வர். இத்தனை நெடிய மரபிருந்தும், குதிரையின் வயிற்றைத் திறந்து பிழைக்க வைக்கும் கலை உலகெங்கும் 1970களுக்குப் பிறகே நிலைபெற்றது.

குதிரையை மல்லாத்தி, அடிவயிற்றின் நடுக்கோட்டில் கீறுவர். அது எழுந்து நின்றதும் குடலின் பாரம் தையல்மேல் இறங்கும். கீறிய இடம் பழைய வலுவைப் பெற ஏறத்தாழ 8 வாரமாகும். சினைக்காலமோ சுமார் 340 நாள். கடைசி மூன்று மாதத்தில் குட்டி விரைந்து வளரும். பந்தய இனத்தில் குட்டி மட்டுமே 40 முதல் 50 கிலோ. புண் ஆற ஆறப் பாரமும் ஏறுகிறது என்பதே இதிலுள்ள இடர்.

புண் கெடும்போது முதலில் வீக்கம், பிறகு நீர்க்கசிவு, சீழ், கடைசியில் தையல் பிரிதல் அல்லது குடலிறக்கம். சீழ் வைத்த புண்ணில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். நிறைசினையில் அடிவயிறு இயல்பாகவே நீர்கோத்து வீங்குமாதலால், சூடு, தொட்டால் வலி, கசிவு, காய்ச்சல் ஆகியவற்றைக் கொண்டே சீழைக் கண்டறிய வேண்டும். சீழ் கட்டினால் ஓரிரு தையலை அவிழ்த்து வடியவிட்டு, சீழைப் பரிசோதித்து, அதற்கேற்ற மருந்து கொடுப்பர். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டி சீழைக் குறைக்கும் என்பர் சிலர். அது வேண்டாமென்போரும் உண்டு. குடலிறக்கத்தைக் குட்டி ஈன்ற பிறகே சரிசெய்வர். தசை வலுவிழந்த குதிரைக்கு முக்குவது கடினம். ஈனும்போது மருத்துவர் உடனிருக்க வேண்டும்.



சந்தையில் பெட்டைக் குதிரை வாங்குவோர் பல்லைப் பார்ப்பதோடு நில்லாமல், பழைய தையல் தழும்போ குடலிறக்கமோ உண்டா என அடிவயிற்று நடுக்கோட்டையும் தடவிப் பார்த்து வாங்குக.