சாம்பல் நிற டிராக்டரும் ஒரு கைகுலுக்கலும்

போன கோடை விடுமுறையில் மாமாவோடு ஒரு பழைய டிராக்டர் பார்க்கப் போயிருந்தேன். 35 குதிரைத்திறன் வண்டி, நன்றாக பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். கூட வந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. கல்டிவேட்டரை மாட்டச் சொன்னார். லிஃப்டை மேலே தூக்கி இன்ஜினை நிறுத்தச் சொன்னார். பிறகு "வாங்க, டீ சாப்பிட்டு வரலாம்" என்று எங்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்! பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் கல்டிவேட்டரின் கொழு மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. "இது வேணாம் மாமா" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம்.

இன்ஜின், டயர், பெயின்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லிஃப்டை மட்டும் ஏன் பார்த்தார்? வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்னை அயர்லாந்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். (மெக்கானிக்கல் படிக்கும் நண்பர்கள் தவறு இருந்தால் திருத்தவும்!)

முதலில் ஃபோர்ட்சன். ஹென்றி ஃபோர்டு 1917-ல் கொண்டுவந்த டிராக்டர் இது. காரைப் போலவே டிராக்டரையும் மலிவாக, லட்சக்கணக்கில் செய்து தள்ளினார். 1922-ல் அமெரிக்காவில் இதன் விலை வெறும் 395 டாலர். ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. அந்தக் காலத்தில் மாட்டுக்குப் பின்னால் ஏர் கட்டுகிற மாதிரியே டிராக்டருக்குப் பின்னாலும் கலப்பையைச் சங்கிலியிலோ கம்பியிலோ கட்டி இழுத்தார்கள். உழும்போது கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மாடு நின்றுவிடும். இன்ஜின் நிற்காது. பின் சக்கரம் நகர முடியாமல் நிற்க, அதைச் சுழற்ற முயலும் விசை வண்டியின் உடம்பையே அச்சைச் சுற்றி மேலே தூக்கும். முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பி, வண்டி அப்படியே பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மேல் விழும். கிளட்சை மிதிக்க ஓரிரு நொடிகூடக் கிடைக்காது. ஃபோர்ட்சனில் இப்படி இறந்துபோனவர்கள் பலர்.

இதற்கு அன்றைக்குத் தெரிந்த தீர்வு ஒன்றுதான்: வண்டியின் எடையைக் கூட்டு. எடை கூடினால் சக்கரம் வழுக்காது, முன்பக்கமும் எளிதில் தூக்காது. ஆனால் கனமான வண்டி மண்ணை மிதித்து இறுக்கிவிடும், டீசலோ மண்ணெண்ணெயோ அதிகம் குடிக்கும், விலையும் ஏறும். சின்ன விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில்தான் ஹாரி ஃபெர்குசன் வருகிறார். 1884-ல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விவசாய வேலை பிடிக்காமல் அண்ணனின் கார் பட்டறையில் சேர்ந்தார். 1909 டிசம்பர் 31-ம் தேதி, தானே கட்டிய விமானத்தில் பறந்தார். அயர்லாந்தில் நடந்த முதல் விமானப் பறப்பு அதுதான். விவசாயத்தை விட்டு ஓடிய மனிதரை முதல் உலகப்போர் மறுபடி வயலுக்கே கொண்டுவந்து விட்டது. உணவுத் தட்டுப்பாடு வந்ததால், 1917-ல் அயர்லாந்தின் விவசாய வாரியம் டிராக்டர் உழவை மேம்படுத்தும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. தன் உதவியாளர் வில்லி சாண்ட்ஸோடு ஊர் ஊராகப் போய் எல்லாத் டிராக்டர்களையும் பார்த்தார். அவருக்குப் பட்டது இதுதான்: டிராக்டர் ஒன்று, கலப்பை ஒன்று என்று இரண்டு பொருளாக இருப்பதுதான் கோளாறு. இரண்டும் ஒரே இயந்திரமாக வேண்டும்.

அதைச் செய்து முடிக்க அவருக்குக் கிட்டத்தட்ட இருபது வருடம் ஆயிற்று. விளைவு, இன்று எந்த டிராக்டரின் பின்னாலும் பார்க்கும் அந்த மூன்று கைகள். கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வேலை செய்யும் விதம் அழகு.

கலப்பை மண்ணில் இறங்கி இழுபடும்போது, கீழ்க் கைகள் இரண்டும் அதை முன்னே இழுக்கின்றன. கலப்பை தலைகுப்புறச் சாயப் பார்க்கிறது. அதனால் மேல்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. அதாவது எந்த விசை வண்டியைக் கவிழ்க்கப் பார்த்ததோ, அதே உழவின் விசை இப்போது முன்பக்கத்தைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது! கலப்பையின் எடையும் அதன் மேல் விழும் மண்ணின் எடையும் பின் சக்கரத்துக்கு வந்து சேருவதால் பிடிமானமும் கூடுகிறது. இரும்பைச் சேர்க்காமலே எடை கிடைத்துவிட்டது.

இத்தோடு நிற்கவில்லை. அந்த மேல்கை ஒரு ஸ்பிரிங்கை அழுத்துகிறது. மண் கெட்டியானால் அழுத்தம் கூடும். உடனே ஸ்பிரிங் ஹைட்ராலிக் வால்வைத் திறக்க, லிஃப்ட் கலப்பையைக் கொஞ்சம் மேலே தூக்கும். மண் இளகினால் மறுபடி இறக்கிவிடும். ஓட்டுநர் கையே வைக்க வேண்டாம். கலப்பை பாறையில் பலமாக மோதினால் எண்ணெய் அழுத்தம் விட்டுப்போய், பின் சக்கரத்தின் மேல் இருந்த கூடுதல் எடை நீங்கி, சக்கரம் சும்மா வழுக்கிச் சுற்றும். வண்டி எழும்பாது. 1920-களின் நடுவில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கம்ப்யூட்டரும் சென்சாரும் இல்லாத காலத்தில் ஒரு ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் வைத்துக்கொண்டு இதைச் சாதித்திருக்கிறார் என்பதை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. நாம் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் படிக்கும் ஃபீட்பேக் இதுதானே!

1936-ல் டேவிட் பிரவுன் என்ற கியர் தயாரிப்பாளரோடு சேர்ந்து முதல் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 224 பவுண்டு. ஃபோர்ட்சன் அதைவிட மலிவு. போதாக்குறைக்கு இதற்கென்று தனிக் கருவிகளும் வாங்க வேண்டும். வண்டி நகர்ந்தால்தான் ஹைட்ராலிக் பம்ப் ஓடும் என்ற குறையும் இருந்தது. சுமார் 1,350 வண்டிதான் செய்தார்கள். கூட்டாளிகள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

1938 அக்டோபர். ஃபெர்குசன் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவில் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டின் பண்ணைக்கே கொண்டுபோனார். உழுது காட்டினார். ஃபோர்டுக்கு அப்போது 75 வயது. அவரும் விவசாயி மகன், அவரும் பண்ணை வேலை பிடிக்காமல் ஓடி வந்தவர். வயலிலேயே ஒரு மேசையைப் போட்டு, பொம்மை மாதிரியை வைத்து விளக்கம் கேட்டார். அங்கேயே ஒப்பந்தம் முடிந்தது. ஃபோர்டு தயாரிப்பார், ஃபெர்குசன் விற்பார். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காகிதம் இல்லை, வக்கீல் இல்லை, கையெழுத்து இல்லை. ஒரு கைகுலுக்கல் மட்டும்!

அடுத்த ஜூன் மாதமே 9என் டிராக்டர் வந்துவிட்டது. விலை 585 டாலர். சாம்பல் நிறம், சின்ன உருவம். அறிமுக விழாவில் 8 வயதுப் பையன் ஒருவனை உட்கார வைத்து உழுது காட்டினார்கள் (இன்றைக்கு யாரும் இப்படிச் செய்யக் கூடாது). போர்க்காலத்தில் ரப்பரும் செம்பும் கிடைக்காமல் போனபோது இரும்புச் சக்கரத்தோடு 2என் என்று வந்தது. 1947 வரை இரண்டும் சேர்ந்து 3 லட்சத்துக்கு மேல் ஓடின.

பிறகுதான் சிக்கல். 1945-ல் கம்பெனிப் பொறுப்பு பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டுக்கு வந்தது. கணக்கைப் பார்த்தால் டிராக்டரில் ஃபோர்டுக்கு நஷ்டம். தாத்தாவின் கைகுலுக்கல் பேரனைக் கட்டுப்படுத்தவில்லை. 1946 இறுதியில் உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். 1947-ல் அதே மூன்று கைகளோடும் அதே ஹைட்ராலிக்கோடும் 8என் என்ற டிராக்டரை ஃபோர்டே சொந்தமாக விற்க ஆரம்பித்தது. ஃபெர்குசனின் டீலர்கள் விற்க டிராக்டர் இல்லாமல் நின்றார்கள். 1948-ல் அவர் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நான்கு வருடம் இழுத்து, 1952 ஏப்ரலில் 92.5 லட்சம் டாலரோடு சமரசமாக முடிந்தது. அதற்குள் 8என் 5 லட்சத்தை எட்டிவிட்டது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். யார் ஜெயித்தது என்று நண்பன் ஒருவனோடு ஒரு மணிநேரம் சண்டை போட்டேன். விலகிக்கொள்ளலாம் என்பதும் பேச்சில் இருந்ததுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் விலகுவது வேறு, கண்டுபிடிப்பைக் கையோடு கொண்டுபோவது வேறு. என் கட்சி ஃபெர்குசன்.

அவர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1946-லேயே இங்கிலாந்தின் கவென்ட்ரியில், போரில் விமான இன்ஜின் செய்த பேனர் லேன் ஆலையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி மூலம் டிஇ20 டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் வந்தது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது இந்த வண்டிகளில்தான், சக்கரத்தைச் சுற்றிப் பட்டை மாட்டி. 1953-ல் ஃபெர்குசன் தன் கம்பெனியை மாஸி-ஹாரிஸோடு இணைத்தார். விலையில் 10 லட்சம் டாலர் தகராறு வந்தபோது காசைச் சுண்டிப் பார்த்தார்கள், தோற்றுப்போனார்! 1960-ல் இறந்தார். அதே 1960-ல்தான் மாஸி ஃபெர்குசன் கூட்டோடு சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. செம்பியம் ஆலையிலிருந்து வந்த வண்டிகளின் பின்னால் இருந்தவை டவுன் மாவட்டத்துக்காரர் யோசித்த அதே மூன்று கைகள்.

இப்போது மெக்கானிக் அண்ணனிடம் திரும்புவோம். சின்ன டிராக்டரின் பலம் எடையில் இல்லை, லிஃப்டில் இருக்கிறது. லிஃப்ட் போனால் மிச்சம் இருப்பது கவிழக்கூடிய ஒரு லேசான வண்டி. பழைய வண்டி பல மணிநேரத்தில் கொஞ்சம் இறங்குவது சகஜம். நிமிடங்களில் இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ தேய்ந்திருக்கிறது. சீல் விலை பெரிதில்லை. ஆனால் சீட்டுக்கு அடியில் இருக்கும் கனமான மூடியை முழுதாகக் கழற்ற வேண்டும்.

ஃபெர்குசன் வழி வந்த பழைய வண்டிகளில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஆகவே ஆயிலைப் பார்ப்பதே பாதிப் பரிசோதனை. பால் ஊற்றின டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, பம்ப்போடு கியரும் கெட்டிருக்கலாம். டாப் லிங்க் மாட்டும் ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால் உழவு ஆழம் ஒரே சீராக வராது.

இன்னொன்று. 9என், டிஇ20 போன்றவற்றில் பம்ப்பையும் பி.டி.ஓ. தண்டையும் கிளட்ச் வழியாகவே இன்ஜின் சுற்றுகிறது. கிளட்சை மிதித்தால் லிஃப்ட் நின்றுவிடும். புல் வெட்டும் இயந்திரம் மாட்டியிருந்தால் இதற்கு நேர்மாறான ஆபத்து. கனமான பிளேடு சுற்றிக்கொண்டே இருப்பதால், கிளட்சை மிதித்தாலும் அந்தச் சுழற்சி கியர் வழியாக வண்டியை முன்னே தள்ளும்! ஒரு பக்கம் மட்டும் சுற்றும் கப்ளிங் ஒன்றைத் தண்டில் மாட்டினால் இது நிற்கும். பின்னால் வந்த இரட்டை கிளட்ச் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஒன்றை மாமாவிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். மூன்று கைகள் காப்பாற்றுவது அவற்றில் மாட்டிய கலப்பையோடு மட்டும்தான். மரவேரைப் பிடுங்கச் சங்கிலியைப் பின் அச்சிலோ டாப் லிங்க் இடத்திலோ கட்டினால், நாம் 1917-ன் ஃபோர்ட்சனில்தான் உட்கார்ந்திருக்கிறோம். கட்டுவதானால் அச்சுக்குக் கீழே, தாழ்வான டிரா பாரில்.

அடுத்த மாதம் பக்கத்து ஊரில் இன்னொரு வண்டி பார்த்தோம். பெயின்ட் உரிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. டீ குடித்து, விலை பேசி, அட்வான்ஸ் எண்ணிக் கொடுக்கும்வரை கல்டிவேட்டர் தூக்கிய இடத்திலேயே நின்றது.