மறுத்துரைத்த இருவர்



சர்வாதிகாரத்திற்கும் ஜனநாயகத் தலைமைக்கும் உள்ள வேற்றுமையை இரு மனிதர்களின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே எளிதென்று கருதுகிறேன்.

1933-ஆம் ஆண்டு ஜனவரி 30-இல் ஹிட்லர் ஜெர்மனியின் தலைமை அமைச்சரானார். மார்ச் 4-இல் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதியானார். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி இரு நாடுகளையும் வாட்டியிருந்தது. ஜெர்மனியில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையின்றித் தவித்தனர். அமெரிக்காவில் உழைப்பாளருள் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. இரு தலைவர்களும் மிகுந்த அதிகாரம் வேண்டினர்.

பிப்ரவரி 27-ஆம் நாள் இரவு ஜெர்மன் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அதனைக் காரணமாகக் காட்டி, மறுநாளே பேச்சுரிமையும் எழுத்துரிமையும் நிறுத்தி வைக்கப்பட்டன. மார்ச் 23-இல், பாராளுமன்றத்தின் இசைவின்றியே சட்டம் இயற்றும் அதிகாரத்தை அமைச்சரவைக்கு அளிக்கும் மசோதா வந்தது. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் சபைக்கு வரவியலாதபடி தடுக்கப்பட்டனர். நாஜிப் படையினர் சூழ்ந்து நிற்க, சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து அதனை மறுத்துரைத்தார். அவர் கட்சியினர் 94 பேர் எதிர்த்து வாக்களித்தும் மசோதா நிறைவேறியது. ஜூலை 14-இல் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே இருத்தலாகாது என்று சட்டம் பிறந்தது. வெல்ஸ் நாடு துறந்தார், குடியுரிமையும் இழந்தார், 1939-இல் பாரிஸில் காலமானார்.

இனி அமெரிக்காவைக் காண்போம். 1935-இல் ரூஸ்வெல்ட்டின் தொழில் மீட்சிச் சட்டம் செல்லாதென்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1936-இல் 48 மாநிலங்களில் 46-ஐ வென்ற அவர், மறு ஆண்டு நீதிபதிகளின் எண்ணிக்கையை 9-இலிருந்து 15 வரை உயர்த்த முயன்றார். அதனை எதிர்ப்பதில் முன்னின்றவர் அவர் கட்சியையே சேர்ந்த செனட்டர் பர்ட்டன் வீலர். செனட் சபை அத்திட்டத்தை ஏற்கவில்லை. ஜனாதிபதி அதற்கு அடங்கினார். வீலரோ சிறை புகவில்லை. 1940-இல் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

ஜனநாயகம் தவறே இழைக்காது என்று நான் கூறேன். 1942-இல் ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது ரூஸ்வெல்ட்டின் அரசே. ஆயினும் அது அநீதி என்று வாதிட நீதிமன்றமும் சபையும் பத்திரிகையும் எஞ்சியிருந்தன. 1988-இல் அந்நாடு சட்டத்தின் வாயிலாகவே மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் அளித்தது. இடித்துரைப்பார் வாயை அடைத்த ஜெர்மனியோ, 1945-இல் அந்நியப் படைகள் புகும்வரை தன் தலைவனைத் தடுத்து நிறுத்த வழியின்றி அழிந்தது.

ஆகவே, ஒரு தலைவரின் வரலாற்றைப் படிக்கும்போது அவர் என்ன சாதித்தார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அவரை மறுத்துரைத்தவர் பின்னர் என்ன ஆனார் என்பதையும் தேடிப் படியுங்கள்.