ஜாவாவில் சிங்கிள்டன்

சிங்கிள்டன்: ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் இருக்க வேண்டும், அதை நிரலின் எந்தப் பகுதியும் கேட்டுப் பெற முடிய வேண்டும் என்னும் நிரலாக்க வடிவம். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடீஸ் ஆகிய நால்வர் 1994இல் வெளியிட்ட ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலின் 23 வடிவங்களுள் ஒன்று. அந்நூலின் எடுத்துக்காட்டுகள் சி++, ஸ்மால்டாக் மொழிகளில் இருந்தன. ஜாவா அதற்குப் பிறகுதான் வந்தது. அதன் அடிப்படை நூலகத்தில் உள்ள ‘ரன்டைம்’ கிளாஸே இவ்வகைதான்.

செய்முறை எளிது. கன்ஸ்ட்ரக்டரை ‘பிரைவேட்’ ஆக்கிவிட்டால் வெளியிலிருந்து யாரும் ‘நியூ’ போட முடியாது. ஆப்ஜெக்டை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்து, ‘கெட்இன்ஸ்டன்ஸ்’ என்ற மெத்தட் வழியே கொடுக்கலாம். கிளாஸ் தொடங்கும்போதே ஆப்ஜெக்டை உருவாக்கிவிட்டால் வேலை முடிந்தது. பெரும்பாலான நிரல்களுக்கு அதுவே போதும். முதன்முதலில் கேட்கும்போதுதான் உருவாக்குவேன் என்ற சிக்கனத்தில்தான் தொல்லை பிறந்தது.

இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் மாறியைப் பார்த்தால் இரண்டுக்கும் அது வெறுமையாகத் தெரியும். இரண்டும் ஆளுக்கொன்றை உருவாக்கிவிடும். மெத்தட் முழுவதையும் ‘சின்க்ரொனைஸ்டு’ ஆக்கினால் இது நிற்கும். ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் பூட்டு போட வேண்டும். அன்றைய ஜாவாவில் அதற்கு நேரம் பிடித்தது. அதனால் பூட்டுக்கு முன் ஒருமுறை, பூட்டிய பின் ஒருமுறை என்று இருமுறை சோதிக்கும் உத்தி 1990களில் பரவியது.

அந்த உத்தி பிழையானது. ஆப்ஜெக்டின் முகவரி மாறியில் எழுதப்படுவதும் கன்ஸ்ட்ரக்டர் உள்ளே எழுதும் மதிப்புகளும் அதே வரிசையில் மற்றொரு த்ரெட்டுக்குத் தெரியும் என்ற உத்தரவாதம் கிடையாது. கம்பைலரும் பிராசசரும் வேகத்துக்காக வரிசையை மாற்றலாம். பூட்டில்லாமல் பார்க்கும் த்ரெட் பாதி கட்டிய ஆப்ஜெக்டைப் பயன்படுத்தத் தொடங்கிவிடலாம். சோதனையில் இப்பிழை சிக்குவதும் அரிது. மாறியை ‘வோலடைல்’ என்று அறிவித்தும் பழைய நினைவக விதிகளில் பயனில்லை. பில் பியூ, ஜாஷுவா பிளாக் உள்ளிட்ட ஜாவா வல்லுநர்கள் இந்த உத்தி செல்லாது என்று கூட்டாக அறிவித்தனர். ஜேஎஸ்ஆர் 133 என்ற முன்மொழிவு திருத்திய நினைவக விதிகளுடன் 2004இல் ஜாவா 5 வந்த பிறகுதான் ‘வோலடைல்’ அந்த உத்தியைக் காப்பாற்றியது.

பூட்டை நிரலாளர் எழுதவே தேவையில்லாத வழியும் உண்டு. ஆப்ஜெக்டை ஸ்டாட்டிக் உள்கிளாஸ் ஒன்றில் வைத்தால், அந்த உள்கிளாஸ் முதலில் தேவைப்படும்போது ஒரே முறை மட்டும் தொடங்குவதை, ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம்மே பார்த்துக்கொள்ளும்.

எனினும் ரிஃப்ளெக்ஷன் வழியாகப் பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரையும் அழைக்கலாம். சீரியலைஸ் செய்து மீட்டால் இரண்டாவது ஆப்ஜெக்ட் கிடைக்கலாம். ஓர் உறுப்பு மட்டும் கொண்ட ‘எனம்’ இவ்விரண்டையும் தடுக்கும். ஜாஷுவா பிளாக் ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இதையே சிறந்த வழி என்றார்.

வடிவத்தின் மதிப்போ இதற்குள் சரிந்திருந்தது. எங்கிருந்தும் எட்டும் ஆப்ஜெக்ட், பெயர் மாறிய குளோபல் மாறியே. யூனிட் டெஸ்டில் அதற்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்துவது கடினம். நூலைத் திருத்தினால் சிங்கிள்டனை நீக்கிவிட விரும்புவதாகக் காமாவே 2009இல் ஒரு நேர்காணலில் கூறினார். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பிலும் ‘சிங்கிள்டன்’ என்ற சொல் உண்டு. அங்கே ஒன்றே ஒன்று என்பதை ஆப்ஜெக்ட்களை உருவாக்கித் தரும் கன்டெய்னர் பார்த்துக்கொள்கிறது; கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் திறந்தே இருக்கலாம், டெஸ்ட் எழுதுபவர் தமக்கு வேண்டிய இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளலாம்.