போனார், அனுப்பினார்கள், பிடித்தார்கள்

வரலாறு எழுத உட்கார்ந்தால் பெயர்ச்சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. ஊர், ஆண்டு, ஆள் எல்லாம் தேடினால் எங்காவது கிடைத்துவிடும். வினைச்சொல்தான் தொல்லை. ஒரு வாக்கியத்தை எந்த வினையில் முடிக்கிறோமோ அங்கே நாம் ஒரு பக்கம் நின்றுவிடுகிறோம். நின்றது நமக்கே தெரியாமலும் போகலாம்.

நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். கடந்த ஓராண்டாகச் சயாம் மரண ரயிலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆய்வேடு மலாயில். அதையொட்டிய சிறு கட்டுரைகள் தமிழில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதும்போது ஒரு சங்கதி கண்ணில் பட்டது. ஒரே செய்தி இரண்டு மொழியிலும் வேறு வேறு ஆள்மேல் பழியை வைக்கிறது.

செய்தி இதுதான். 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானிய ராணுவம் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. 1943 அக்டோபரில் இரு முனைத் தண்டவாளங்களும் சந்தித்தன. வேலை செய்தவர்களில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்கள் 180,000 முதல் 250,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்.

இதை எழுதும் பல கட்டுரைகளில் ஒரு வாக்கியம் அச்சுமாறாமல் வரும்: தமிழர்கள் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயில் இதற்கு 'டிபாவா' என்று ஒரு சொல் போதும். அந்த மொழியில் அது சாதாரணப் பேச்சு, உறுத்தாது. தமிழில் 'பட்டனர்' என்று முடிக்கும்போது வாக்கியம் கனமாகிவிடுகிறது. துயரமும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் யார் கொண்டுபோனது? அந்த ஆள் வாக்கியத்தில் இல்லை. 'பட்டனர்' என்று எழுதினால் எழுதுகிறவருக்கு ஒரு வசதி: யாரையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் 'பட்டனர்' கிடையாது. பாட்டியின் அப்பா சயாமில் காணாமல் போனவர். பாட்டிக்கு அப்போது நான்கு வயது. அவர் இன்றுவரை சொல்வது இதுதான்: "எங்கப்பா சயாமுக்குப் போனாரு. வரல." செத்துப் போனார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாட்டியின் அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லையாம். செய்தி சொல்ல யாரும் வரவில்லை, காகிதம் எதுவும் வரவில்லை. இறந்தவர் திரும்ப மாட்டார், போனவர் திரும்பலாம். அந்த ஒரு வினையை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண் முப்பது வருஷம் பொட்டு வைத்திருக்கிறார்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். 'போனார்' என்று எழுதினால் அவர் இஷ்டப்பட்டு ரயில் ஏறியது போல ஆகிறது. 'கொண்டுசெல்லப்பட்டார்' என்றால் அவர் ஒரு மூட்டை போல ஆகிறார். எது சரி?

ஆவணங்களைத் தேதி வரிசையில் வைத்துப் பார்த்தபோது, ஒரு வினை போதாது, மூன்று வேண்டும் என்று தெரிந்தது.

முதல் வினை: நம்பிப் போனார்கள். 1943இன் தொடக்கத்தில் ஆள் வேண்டும் என்று ஜப்பானிய நிர்வாகம் விளம்பரம் செய்தது. மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். வெள்ளைக்காரத் துரைமார் ஓடியிருந்தார்கள் அல்லது சிறைபட்டிருந்தார்கள். ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை. லயத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த ஒருவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினான் என்றால், அந்தக் கணக்கை நான் அழிக்கக் கூடாது. பசியோடு எடுத்த முடிவும் ஒரு முடிவுதான்.

இரண்டாவது வினை: அனுப்பினார்கள். விளம்பரத்துக்கு வந்தவர்கள் போதவில்லை. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வந்தது. யார் போவது என்று பட்டியல் போட்டவர்கள் தோட்டத்துக் கிராணிமாரும் கங்காணிமாரும். கிராணிகளில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் நிறைய. கங்காணிகள் பெரும்பாலும் தொழிலாளிகளின் சொந்த ஊர்க்காரர்கள். மேலே துப்பாக்கி இருந்தது உண்மை. எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்பது மட்டும் பேனா பிடித்தவர் கையில் இருந்தது.

மூன்றாவது வினை: பிடித்தார்கள். ஒதுக்கீடும் போதாதபோது சாலையில் போனவர்களை லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அள்ளிப் போனதையும் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றையும் 'கொண்டுசெல்லப்பட்டனர்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் நஷ்டம் நமக்குத்தான். விளம்பரம் மறைகிறது, பட்டியல் மறைகிறது, லாரியும் மறைகிறது.

அடுத்தது 'நாம்'. தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வேறு பல மொழிகளில் அது கிடையாது. கேட்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். மலாயிலும் 'கித்தா', 'காமி' என்று இரண்டு இருப்பதால் இங்கே வளர்ந்தவர்களுக்கு இது இரட்டைப் பழக்கம். 'நம் முன்னோர் மடிந்தார்கள்' என்று எழுதினால் வாசகர் உடனே என்னோடு வந்துவிடுவார். மேடையில் கைதட்டும் கிடைக்கும். ஆனால் பட்டியல் எழுதிய கிராணியும் அந்த 'நாம்'தானே? பெயர் எழுதப்பட்டவனும் எழுதியவனும் ஒரே சொல்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதே பாதையில் பர்மியரும் ஜாவானியரும் மலாய்க்காரரும் சீனரும் செத்தார்கள். 'நாம்' என்றதும் அவர்கள் வெளியே போய்விடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரைகளில் நான் 'தோட்டத் தொழிலாளர்கள்' என்றே எழுதுகிறேன். உணர்ச்சி குறையும், பரவாயில்லை. யார், எந்த வேலையில் இருந்தவர் என்பது தெரிகிறது.

எண்ணிக்கைக்கும் ஓர் அலங்காரம் உண்டு. 'ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்' என்பது இந்த ரயிலைப் பற்றி எல்லாரும் சொல்லும் வாசகம். கேட்டால் உடம்பு சிலிர்க்கும். கணக்குப் போட்டால் நிற்காது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டை என்று குறைத்து வைத்தாலும் மொத்தம் 400,000ஐத் தாண்டும். இறந்த போர்க்கைதிகள் 12,000க்கும் மேல், ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. நான் அந்த 90,000ஐ 415ஆல் வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு இருநூறுக்கு மேல். அதாவது ஐந்து மீட்டருக்கு ஒருவர். என் அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நடந்தால் ஒருவர். இதைவிடப் பெரிதாக்க எனக்கு எந்த அலங்காரமும் தேவைப்படவில்லை. பெரிதாக்கிய எண்ணை மறுக்கிறவன், அதைச் சாக்காக வைத்து உண்மையான எண்ணையும் மறுத்துவிடுவான்.

சொல்லுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அந்த ஆறே சாட்சி. பியர் பூல் 1952இல் எழுதிய பிரெஞ்சு நாவலை வைத்து டேவிட் லீன் 1957இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' எடுத்தார். ஏழு ஆஸ்கார். கதை முழுக்க வெள்ளைக்காரக் கைதிகளும் ஜப்பானியரும்தான். நிஜத்தில் அந்தப் பாலம் இருந்தது மே க்லோங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டுப் பயணிகள் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தேடி வர ஆரம்பித்ததும், 1960களில் தாய்லாந்து அந்தப் பகுதி ஆற்றுக்குக் குவாய் யாய் என்று பெயர் மாற்றியது. ஒரு கதை ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது!

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசையாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்து எழுதிய நாட்குறிப்புகள் இருந்தன. யார் எங்கே எப்போது இறந்தார் என்று ஒருவர் குறித்து வைத்தார். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது தமிழர் முகாம்களில் அப்படிக் குறித்து வைக்க ஆள் இல்லை. தமிழில் இந்தக் கதையை நாவலாகக் கொண்டுவர ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற முயற்சிகள் பிறகுதான் வந்தன. எழுத்தில் நாம் பிந்தி வந்தவர்கள். பிந்தி வருகிறவனுக்குச் சத்தமாகப் பேசத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதுதான் எனக்கு இந்த ஓராண்டில் மிகக் கஷ்டமான வேலை.

இப்போது என் ஆய்வேட்டில் ஒரு சின்ன ஒழுங்கு வைத்திருக்கிறேன். 'பட்டனர்' என்று ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் நிறுத்தி, செய்தவர் யார் என்று கேட்கிறேன். ஆவணத்தில் பதில் இருந்தால் அவரை எழுவாயாக வைக்கிறேன். கிராணி என்றால் கிராணி, ராணுவம் என்றால் ராணுவம். பேட்டிகளில் கிடைக்கும் வினைகளைத் திருத்துவதில்லை. "போனாரு" என்றால் "போனாரு"தான். அதை இலக்கணப்படுத்தினால் கூடவே காத்திருந்த பெண்ணும் காணாமல் போய்விடுவார்.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் அநேகமாக எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கே எண்பது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். தேதி தப்பாகச் சொல்வார்கள், ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்வார்கள், அதையெல்லாம் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். அவர் வாக்கியத்தை எந்த வினையில் முடிக்கிறார் என்பதை மட்டும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.