தீவுப் பெண்களின் பந்தாட்டமும் நமது பெண்மக்களும்

பெண்கள் காற்பந்தாடலாகாது என்போர் இரண்டு காரணங்கள் கூறுவர். ஒன்று, அவர்கள் உடல் தாங்காது என்பது. மற்றொன்று, அவர்களுக்கே அதில் ஆசையில்லை என்பது. இவ்விரண்டும் எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோம்.

1920 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் தேதி, லிவர்ப்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஒரு பந்தயத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டிலேயே இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம், தன் ஆதிக்கத்துக்குட்பட்ட மைதானங்களைப் பெண்களுக்கு விடலாகாதெனத் தடை விதித்தது. அத்தடை ஏறக்குறைய 50 ஆண்டு நீடித்தது. ஆசையே இல்லாதவர்களுக்குத் தடை எதற்கு? முதலில் திடலை மறுப்பது, பிறகு திடலில் பெண்களைக் காணோமே என்று கூறி அதையே நியாயமாக்குவது. இதுதான் இவ்வாதத்தின் முழு இரகசியம்.

தடை நீங்கிய காலத்தில் ஆசியாவும் உறங்கிக் கிடக்கவில்லை. 1975 இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசியப் பெண்கள் போட்டியில் ஆறு நாடுகள் கலந்துகொண்டன. அவற்றுள் நமது மலேசியா நான்காம் இடம் பெற்றது. இச்செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இனி, நமக்கு மிக நெருங்கிய உதாரணம் பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவு. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் அங்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். கரும்புத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங். பெண்ணுக்கு 9 பென்ஸ். வேலைக்கு வேண்டிய வலிமை பெண்ணுக்கு உண்டு. கூலிக்கும் விளையாட்டுக்கும் மட்டும் அது இல்லை போலும்! 1926 இல் அங்கே தோன்றிய தென்னிந்தியர் சங்கம் பள்ளிக்கூடங்களை நிறுவியது. காற்பந்துப் போட்டிகளையும் நடத்திவருகின்றது. ஆகவே, பந்து அங்குள்ள தமிழருக்குப் புதிதன்று.

அக்கடலின் நாடுகள் 1983 இல் நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் பெண்களுக்கான முதற்கோப்பைப் போட்டியை நடத்தின. அப்போட்டியில் பிஜியும் ஆடியது. 2003 இல் பிஜியின் தலைநகரான சுவாவில் நடந்த தென் பசிபிக் விளையாட்டு விழாவிலும் பெண்கள் காற்பந்து இடம் பெற்றது. எனினும் நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா, தைவான் ஆகிய மூன்று நாடுகளே கோப்பையை மாறி மாறிக் கைக்கொண்டு வந்தன. 2023 உலகப் போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் நியூஸிலாந்துக்கு முன்னரே இடம் கிடைத்திருந்தபடியால், 2022 இல் அது கலந்துகொள்ளவில்லை. சுவாவில் நடந்த அவ்வாண்டின் இறுதி ஆட்டத்தில் பப்புவா நியூ கினி 2-1 என்ற கணக்கில் பிஜியை வென்றது. வலியவன் சற்றே விலகிய இடத்தை நிரப்பத் தீவுப் பெண்கள் ஆயத்தமாக இருந்தனர். அந்த ஆயத்தம் ஒரு நாளில் வந்ததன்று; முன் சென்ற ஆண்டுகளில் தோற்றுத் தோற்றுக் கற்றதன் பயன்.

“அது தீவாரின் உடல்வலி, நம் பெண்களுக்கு வருமோ?” என்பார்க்கு ஒரு வார்த்தை. 2018 இல் இந்தியாவின் தேசியப் போட்டியில் மணிப்பூரை 2-1 என்று வென்று கோப்பையைக் கொண்டவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள். 2023 இலும் அவர்களே வென்றனர்.

திரிங்காப் முதலிய மலையூர்களில் வாழும் அன்பர்களே! கொழுந்துக் கூடையைச் சுமந்து இந்தச் சரிவுகளில் ஏறியிறங்கிய தாய்மாரின் பேத்திகள் நம் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குக் காலில் வலிவில்லை என்று எவர் கூறுவது? விளையாட்டு விழாவில் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் ஏந்தி ஓடவிட்டு, பரிசாக ஒரு பாத்திரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது போதாது. வாரத்தில் இரண்டு மாலைகள் திடலை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். ஒரு பந்தும், கற்பிக்க ஓர் ஆளும் கொடுங்கள். ஆசையுண்டா இல்லையா என்பதை அதன் பின்னர் அவர்களே சொல்லட்டும்.