பிள்ளை பெற்றவளுக்கும் பராமரிப்பவளுக்கும் அரசு என்ன கொடுக்கிறது?

வன்னியில் எந்தப் பிரதேச செயலகத்துக்குப் போனாலும், நலன்புரிக் கொடுப்பனவுப் பிரிவின் முன்னால் காத்திருப்பவர்களில் அதிகமானோர் பெண்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், கிராம அலுவலரின் கடிதம், கிளினிக் கொப்பி. பேச்சுக் கொடுத்தால் அவர்களில் பலர் வந்திருப்பது தங்களுக்காக அல்ல என்பது தெரியவரும். கணவனுக்காக, தம்பிக்காக, தாய்க்காக வந்திருப்பார்கள். தனக்கென்று கேட்க அங்கு ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டுப் பார்த்தேன்.

முதலில் கர்ப்பிணித் தாய்மார். 2015இல் தொடங்கிய போஷாக்குக் கொடுப்பனவு மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்கு வழங்கப்பட்டது. பின்னர் அது மாதம் 4,500 ரூபாவாக, மொத்தம் 45,000 ரூபாவாக உயர்ந்தது. இது கையில் தரும் காசு அல்ல. உணவுப் பொருள் வாங்குவதற்கான வவுச்சர். குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து கர்ப்பவதிப் பதிவேடு எடுத்தால்தான் இதற்கான வழி திறக்கும். ஆகவே பதிவைப் பிந்த விடாதீர்கள். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷ இதிலிருந்து வேறானது. ஒன்றைப் பெறுவதால் மற்றதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

சம்பள வேலையில் இருக்கும் பெண்ணுக்குச் சட்டம் இன்னும் கொஞ்சம் கொடுக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும்தான் அடிப்படை. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து விடுமுறை 42 நாட்களாகச் சுருங்கியது. 2018ஆம் ஆண்டின் திருத்தங்களுக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாட்கள். ஒரு வயது ஆகும்வரை பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகளும் தர வேண்டும். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்த முடியாது. அப்படி நிறுத்தினால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். வடக்கில் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 84 நாள் சம்பளத்தை அரசோ ஒரு பொது நிதியமோ கொடுப்பதில்லை. முதலாளியே முழுவதையும் கொடுக்க வேண்டும். புதிதாகக் கல்யாணம் செய்த பெண்ணை வேலைக்கு எடுக்கச் சில இடங்களில் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவளுக்கும், கருவாடு போடுகிறவளுக்கும், வீட்டில் தையல் மெசின் வைத்திருப்பவளுக்கும் கொடுக்க முதலாளி என்று ஒருவரே இல்லை. எங்கள் பிரதேசங்களில் வேலை செய்யும் பெண்களில் பலர் இப்படிப்பட்டவர்கள். அப்பாமாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரச ஊழியர் என்றால் மூன்று நாள் விடுமுறை. தனியார் துறையில் அதுவும் சட்டத்தில் இல்லை.

அடுத்தது அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் இது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. எந்தக் குடும்பம் எந்தப் பிரிவில் விழும் என்பதை 22 குறிகாட்டிகள் தீர்மானிக்கின்றன. வீட்டின் நிலை, காணி, வாகனம், கல்வி, நோய் என்று அவை போகின்றன. மாதாந்த மின்பாவனையும் அவற்றில் ஒன்று. முள்ளந்தண்டில் காயப்பட்டுப் படுக்கையில் கிடப்பவர் உள்ள வீட்டில், வன்னி வெயிலுக்கு இரவும் பகலும் மின்விசிறி ஓடும். படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை வைத்திருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். மீற்றரில் ஏறும் அலகு, அந்த வீட்டின் வசதியை அளக்கும் கணக்கில் சேர்கிறது. தவறாகக் கணித்துவிட்டார்கள் என்று நினைத்தால் மேன்முறையீடு செய்யலாம். செய்யும்போது வைத்திய அறிக்கையின் பிரதியை இணைத்து, மின்சாரம் எதற்குப் போகிறது என்பதை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது கோவையில் ஏறாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 5,000 ரூபாவாக இருந்து, பிறகு 7,500 ஆகி, 2025 ஏப்ரலில் 10,000 ரூபாவாக உயர்ந்தது. சிறுநீரக நோயாளருக்கும் அதே தொகை. முதியோர் கொடுப்பனவு 3,000இலிருந்து 5,000 ஆனது. இந்த உயர்வுகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்தாயிரம் ரூபா பல வீடுகளில் பம்பர்ஸுக்கும் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவுக்கும் பெரிய ஆறுதல்.

ஆனால் இந்தப் பட்டியல் முழுவதிலும் பராமரிப்பவர் என்று ஒருவர் இல்லை. காசு நோயாளிக்கு வருகிறது, முதியவருக்கு வருகிறது, குடும்பத்துக்கு வருகிறது. அவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவருக்கு என்று ஒரு சதமும் இல்லை.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அக்காவைச் சந்தித்தேன். தம்பி 2009இல் ஷெல் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் போனவர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அது இரவுக்கும் பொருந்தும். அவர் தையல் வேலையை விட்டு வருடங்களாகிவிட்டன. “காசு தம்பியின்ட பேரில வருது, அது அவனுக்குத்தான் காணும். என்னை வீட்டில சும்மா இருக்கிறன் எண்டுதான் எழுதுவினம்” என்றார். குடும்ப விபரப் படிவத்தில் அவரது தொழில் நிரலில் “இல்லை” என்று இருந்தது.

லண்டனில் சொந்தக்காரர் இருக்கும் வாசகர்களுக்கு வேறு ஒரு நடைமுறை தெரிந்திருக்கும். அங்கு வாரத்துக்கு 35 மணித்தியாலமாவது ஒருவரைப் பராமரிப்பவர், வருமானம் ஓர் எல்லைக்குள் இருந்தால், தன் பெயரிலேயே ஒரு கொடுப்பனவு கேட்கலாம். அதுவும் முதல் நாளிலிருந்தே எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கவில்லை. 1976இல் அது தொடங்கியபோது கணவனோடு வாழும் மணமான பெண்களுக்கு இல்லை என்றார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம். தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்குப் போட்டார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிரித்தானியாவின் பணபலம் எங்களுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் “எப்படியும் வீட்டில்தானே” என்ற அந்த எண்ணம்தான் எங்கள் படிவங்களிலும் இருக்கிறது. அதை மாற்றப் பணபலம் தேவையில்லை. முழுநேரப் பராமரிப்பாளர் என்று படிவத்தில் ஒரு நிரல் சேர்ப்பது, அதை அஸ்வெசும குறிகாட்டிகளில் ஒன்றாக எண்ணுவது என்று இரண்டிலாவது தொடங்கலாம்.

இரண்டு சுமையும் ஒரே பெண்ணில் விழும் வீடுகளும் உண்டு. காயப்பட்ட கணவனைப் பார்த்துக்கொண்டு பிள்ளையும் பெறுகிறவர்கள். அவர்கள் போஷாக்கு வவுச்சர், கணவனின் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு, அஸ்வெசும ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதலாவதைக் குடும்பநல உத்தியோகத்தர் ஊடாகவும், மற்றவற்றைப் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். ஒன்றுக்குக் கொடுத்த ஆவணங்கள் மற்றதற்குத் தானாகப் போகும் என்று நம்பியிருக்க வேண்டாம். கொடுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டோ, பிரதியில் கையொப்பமோ வாங்குங்கள்.

புதுக்குடியிருப்பு அக்காவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. தம்பி இல்லாமல் போகும் மாதத்தோடு அந்தக் கொடுப்பனவும் நிற்கும். வேலைக்குப் போகாத இத்தனை வருடங்களுக்கு அவர் பெயரில் ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. முதியோர் கொடுப்பனவுக்குரிய 70 வயதுக்கு இன்னும் இருபது வருடங்கள் இருக்கின்றன.